இரங்கல் தீர்மானமும் இருதயப் பாதுகாப்பும்

நமது சங்கங்களின் ஆண்டுப் பொதுச் சபைக் கூட்டங்கள் பெரும்பாலும் ஓர் இரங்கல் தீர்மானத்துடனேயே தொடங்குகின்றன. காலஞ்சென்ற அங்கத்தினர்களின் பெயர்களைக் காரியதரிசி படிக்கிறார். சபையோர் எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டிக்கின்றனர். பின்னர் வரவு செலவு அறிக்கை எடுத்துக்கொள்ளப்படுகிறது. முன்னாளில் அப்பட்டியலில் இடம்பெற்றோர் பேரன் பேத்திகளைக் கண்டு முதிர்ந்தவர்களாகவே பெரும்பாலும் இருந்தனர். இந்நாளிலோ நாற்பத்தைந்து வயதினர், ஐம்பது வயதினர் ஆகியோரின் பெயர்களும் அதனிடையே ஒலிக்கின்றன. காரணம் யாதெனக் கேட்பின், "மாரடைப்பு" என்ற ஒரே சொல்லில் விடை முடிந்துவிடுகிறது.

அச்சொல்லோடு முடிந்துவிடாதவை பல. தறியில் பாதி நெய்த சேலை அப்படியே நிற்கிறது. சங்கக் கடனில் பாக்கி நிற்கிறது. அவருக்கு ஜாமீன் நின்ற அண்டை வீட்டுக்காரர் செய்வதறியாது தவிக்கிறார். பள்ளிக்குச் செல்ல வேண்டிய மகன் இராட்டையருகே உட்காருகிறான். நிலம் உடையவராயின், கதிர் முற்றும் தறுவாயில் வயலைக் குத்தகைக்கு விடவேண்டிய நிலை அவர் மனைவிக்கு நேருகிறது. ஆகவே இருதய வியாதி வைத்தியரின் விஷயம் மட்டுமன்று. கூட்டுறவு இயக்கத்தின் விஷயமும் ஆகும் என்பது நமது கருத்து. அதனை இவ்விதழில் சிறிது விரிவாகவே ஆராய விரும்புகிறோம்.

நாம் நன்கு அறிந்த நெசவாளர் ஒருவர் இருந்தார். வயது நாற்பத்தெட்டு. இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதாக ஒரு முகாமில் அவருக்குச் சொல்லி மாத்திரைகளும் கொடுத்தனர். இரண்டு மாதம் உட்கொண்டார்; உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியாமையால் நிறுத்திவிட்டார். ஓர் இரவு மார்பின் நடுவே பாரம் வைத்தாற்போல் ஓர் அழுத்தமும், உடலெங்கும் வியர்வையும் தோன்றின. வாயுவென்று எண்ணிச் சோடா பருகினார். ஓமத் தண்ணீரும் குடித்தார். பொழுது விடியட்டும் என்று காத்திருந்தார். பொழுது விடிந்தது, அவர் விழிக்கவில்லை.

அவர் வாரந்தோறும் சங்கத்திற்கு வந்து போனவர். நாம் அவருக்குக் கொடுத்த நூலை எடை போட்டோம். அவர் கொண்டுவந்த துணியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தோம். அவருடைய இரத்த அழுத்தத்தை மட்டும் ஒருவரும் அளக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. இக்குறையை நாம் எவர்மீதும் சுமத்தவில்லை, நம்மீதே சுமத்திக்கொள்கிறோம்.

வியாதியின் இயல்பு

இருதயம் உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் தசை யந்திரம். அது தானும் உழைப்பதற்கு இரத்தம் வேண்டும். அவ்விரத்தத்தை அதற்குக் கொண்டுவருபவை அதன் மேற்புறத்தில் படர்ந்துள்ள சிறு தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் பொருள் சிறிது சிறிதாகப் படிகிறது. இஃது ஒரு நாளில் நேர்வதன்று. இளமையிலேயே தொடங்கிப் பல்லாண்டுகள் ஓசையின்றி நடைபெறுவது. வாய்க்காலில் வண்டல் படிவதை உழவர் அறிவர். ஆயினும் இங்கு வேற்றுமை ஒன்றுண்டு. படிந்த கொழுப்பின் மேற்போர்வை திடீரெனப் பிளந்து, அவ்விடத்தில் இரத்தம் உறைந்து, தமனியை முற்றிலும் அடைத்துவிடக்கூடும். அதுவே மாரடைப்பு. அடைபட்ட தமனியை நம்பியிருந்த தசை, நிமிஷத்திற்கு நிமிஷம் மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் முளைப்பதில்லை.

இப்படிவு யாருக்கு விரைவில் நேருகிறது என்பதைப் பொறுமையாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானோர் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் இராஜ்யத்தைச் சேர்ந்த பிராமிங்ஹாம் என்ற ஊரில் பணியாற்றிய வைத்தியர்கள். 1948-ஆம் ஆண்டில் அவ்வூர் ஆண் பெண் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை அவர்களைப் பரிசோதித்து வந்தனர். முதுமையில் இரத்த அழுத்தம் ஏறுவது இயற்கையே என்று அக்காலத்துப் புத்தகங்கள் கூறின. அது தவறு என்பதை அவ்வூர் மக்கள் தம் உடலைக் கொண்டே உலகிற்குக் காட்டினர். மிகுந்த இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, புகைபிடித்தல் ஆகியவை மாரடைப்புக்கு முன்னோடிகள் என்பது அங்கே தெளிவாயிற்று.

பின்னர் 2004-ஆம் ஆண்டில், 52 நாடுகளில் நடத்தப்பெற்ற மற்றொரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. புகையிலை, தீய கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொந்தி, மனக்கவலை, காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை, மது ஆகியவை சார்ந்த ஒன்பது காரணங்களே உலகில் முதன்முறை மாரடைப்பு நேர்வதற்குரிய அபாயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை விளக்குகின்றன என்று அது கண்டது. அதே ஆராய்ச்சியிலிருந்து 2007-இல் வெளியான மற்றோர் அறிக்கை நம்மவரைப் பற்றியது. இந்தியா, பாகிஸ்தான், வங்காள தேசம், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தோருக்கு முதல் மாரடைப்பு நேரும் நடுவயது 53. மற்றையோருக்கோ ஏறக்குறைய 59. ஆறு ஆண்டு முன்னதாக நம் வீட்டுக் கதவைத் தட்டும் இவ்வியாதியை நாமும் ஆறு ஆண்டு முன்னதாகவே எதிர்பார்த்திருக்க வேண்டாமா?

வட கரேலியாவின் வரலாறு

"மேஜைமுன் உட்கார்ந்து உண்டு கொழுத்தவர்க்கு வரும் வியாதி இது, உழைப்பாளிக்கு வராது" என்று நம்முட் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதையும், அவ்வியாதியை ஒரு ஜில்லா முழுவதும் கூடி விரட்டலாம் என்பதையும் ஒருங்கே காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அது பின்லாந்து நாட்டின் கீழ்க்கோடியில் உள்ள வட கரேலியாவின் வரலாறு.

காடும் ஏரியும் நிறைந்த குளிர்ப் பிரதேசம் அது. அங்கு வாழ்ந்தோர் மரம் வெட்டுவோரும், சில பசுக்களை வைத்துப் பால் கறந்து விற்கும் சிறு உழவருமே ஆவர். உடலுழைப்பில் அவர்களுக்குக் குறைவில்லை. எனினும் 1960-ஆம் ஆண்டுகளில், உலகிலேயே மிகுதியாக ஆண்கள் மாரடைப்பால் மாண்ட பகுதிகளுள் அது முன்நின்றது. அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் என்பார் 1958 முதல் ஏழு நாடுகளில் நடத்திய ஆராய்ச்சியில், கிழக்குப் பின்லாந்தின் கிராமத்தாரே மிகுந்த மாரடைப்புக்கு உள்ளானவர்களாகவும், கிரேக்க நாட்டுக் கிரீட் தீவினர் மிகக் குறைந்தவர்களாகவும் காணப்பெற்றனர்.

காரணம் அவர்கள் உண்ட உணவிலும் பிடித்த புகையிலும் இருந்தது. ரொட்டியின்மேல் கனமான வெண்ணெய், ஆடை நீக்காத பால், கொழுப்பு மிகுந்த இறைச்சி, அளவுக்கு மிஞ்சிய உப்பு ஆகியவையே அன்றாட ஆகாரம். பச்சைக் காய்கறியைக் கால்நடைத் தீனியென்று ஆண்கள் நகைத்தனர். ஆண்களில் நூற்றுக்கு 52 பேர் புகை பிடித்தனர். யுத்தத்திலும் வறுமையிலும் வளர்ந்த அத்தலைமுறைக்கு, வயிறார வெண்ணெய் உண்பதே நல்வாழ்வின் அடையாளமாக இருந்தது. இம்மனநிலை நமக்கும் புதியதன்று. பழையதும் கூழும் உண்டு வளர்ந்தவன் கையில் நான்கு காசு சேர்ந்தவுடன் முதலில் நாடுவது எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புமே அல்லவா?

ஊர்தோறும் விதவைகள் பெருகக் கண்ட அம்மக்கள் 1971-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு காரியம் செய்தனர். ஜில்லா ஆளுநரும், சட்டசபை அங்கத்தினரும், உள்ளூர்ச் சங்கங்களின் பிரதிநிதிகளும் கையொப்பமிட்டு, எங்களைக் காக்க வழி செய்யுங்கள் என்று தலைநகர்க்கு விண்ணப்பம் அனுப்பினர். வேண்டுகோள் கீழிருந்து எழுந்தது என்பது இங்கே கருதற்பாலது. அதன் பயனாக 1972-இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற டாக்டர் பெக்கா புஸ்கா அப்போது முப்பது வயதும் நிரம்பாத இளைஞர்.

பெரிய ஆஸ்பத்திரி கட்டுவது அவருடைய முதல் வேலையாக இருக்கவில்லை. அவர் மக்களிடம் சென்றார். 1899-இல் தோன்றிய மார்த்தா சங்கம் என்னும் இல்லத்தரசியர் அமைப்பு அந்நாட்டில் உண்டு. அச்சங்கத்துப் பெண்கள் ஊர்தோறும் கூடி, கொழுப்பும் உப்பும் குறைத்து, காய்கறி சேர்த்து, பழைய உணவுகளையே புதிய முறையில் சமைத்துக் காட்டினர். எல்லோரும் உடனிருந்து உண்டனர். கிராமத் தாதியர் வீட்டுக்கு வீடு இரத்த அழுத்தம் பார்த்து, குறிப்பேட்டில் பதிந்து, மாத்திரை நிறுத்தியவர்களைத் தேடிச் சென்று பேசினர். இறைச்சிப் பண்டம் செய்வோர் அதிலிருந்த கொழுப்பில் ஒரு பகுதியை நீக்கிக் காளானைச் சேர்த்தனர். எந்தக் கிராமம் இரத்தக் கொழுப்பை அதிகம் குறைக்கிறது என்று ஊருக்கு ஊர் போட்டியும் நடைபெற்றது. 1976-இல் பின்லாந்துச் சட்டசபை புகையிலை விளம்பரத்தைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது.

உழவருக்கு நேர்ந்த சங்கடம்

இவ்வரலாற்றில் நமது அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. வெண்ணெயைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொல்லியபோது, வெண்ணெய் விற்றுப் பிழைத்தவர் யார்? அதே மாரடைப்புக்கு ஆளான சிறு உழவரே! தம் பிழைப்பில் மண் விழுவதாக அவர்கள் அஞ்சியதில் வியப்பில்லை. பால் வியாபாரத்தார் எதிர்த்தனர். உயிரா, பிழைப்பா என்ற கேள்வி எழுந்தது.

உழவரை ஏசுவதால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடவில்லை. அப்பிரதேசத்தில் நன்கு விளையக்கூடியவை சிறு கனிச் செடிகள். 1980-ஆம் ஆண்டுகளில் அரசாங்கத்தின் உதவியுடன் கனிச் சாகுபடித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. உழவர் பலர் சிறிது சிறிதாகக் கனிச் சாகுபடிக்குத் திரும்பினர். கனிகளைப் பதப்படுத்தவும் விற்கவும் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. குளிர் நாட்டிலும் விளையும் கடுகினப் பயிர் ஒன்றை வளர்த்து, அதிலிருந்து உள்நாட்டிலேயே எண்ணெய் எடுத்தனர். பாற்பண்ணைகளும் கொழுப்புக் குறைந்த பாலை விற்கக் கற்றுக்கொண்டன. உணவு மாறியது, உழவர் அழியவில்லை.

பயன் என்ன? 1997-ஆம் ஆண்டில் புகைபிடிக்கும் ஆண்கள் நூற்றுக்கு 31 ஆகக் குறைந்தனர். இரத்தக் கொழுப்பின் சராசரி அளவு முப்பத்தைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தாழ்ந்தது. வேலை செய்யும் வயதுடைய ஆண்களிடையே இருதயத் தமனி நோயால் நேர்ந்த மரணம், 1970-ஆம் ஆண்டையொட்டி இருந்ததைவிட 2006-இல் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. இதில் மருந்துக்கும் புதிய சிகிச்சைக்கும் பங்குண்டு. எனினும் பெரும்பங்கு சமையலறையிலும், கடைத்தெருவிலும், கிராமத் தாதியின் குறிப்பேட்டிலும் நேர்ந்த மாறுதல்களுக்கே உரியது என்று அதனை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

இருதய நிபுணரின் பணி

அவ்வாறாயின் இருதய வைத்திய நிபுணர் எதற்கு என்று கேட்கலாம். நன்றாகப் பராமரித்த தறியும் ஒருநாள் பழுதுபடுகிறது. அப்போது கைதேர்ந்த தச்சர் வேண்டுமல்லவா? அந்தக் கைத்திறன் எளிதில் வந்ததன்று. 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர், தம் கை நரம்பு வழியே மெல்லிய குழாய் ஒன்றைத் தாமே இருதயம் வரை செலுத்திக்கொண்டார். அன்று அவரைப் பலர் கண்டித்தனர். 1956-இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். 1977-இல் சூரிச் நகரில் டாக்டர் ஆந்திரியாஸ் குருன்ட்சிக், குழாயின் நுனியில் ஒரு சிறு பலூனை வைத்து, சுருங்கிய இருதயத் தமனியை மார்பைப் பிளக்காமலே விரித்துக் காட்டினார். நம் நாட்டில் 1975-இல் சென்னைப் பெரம்பூர் ரெயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே. எம். செரியன், அடைபட்ட தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் சத்திர சிகிச்சையை வெற்றியுடன் செய்தார். இந்நாளில் அடைப்பை விரித்து, அவ்விடத்தில் ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழலை வைத்தல் பெரிய ஊர்களில் அன்றாடச் சிகிச்சையாகிவிட்டது.

ஆயினும் குழாயும் பலூனும் மட்டுமே நிபுணரின் பணி என்று எண்ணலாகாது. மார்வலியோடு வரும் பலருள், இருதயத்தால் வந்தது யாருடையது, வயிற்றாலும் தசையாலும் வந்தது யாருடையது என்று பிரித்தறிவது அவருடைய முதற்கடமை. யாருக்குச் சிகிச்சை வேண்டும் என்பதுபோலவே, யாருக்கு வேண்டாம் என்று சொல்வதும் அவர் கடமையே. பிழைத்து வீடு திரும்பியவர்க்கு வாழ்நாள் முழுவதும் உரிய மருந்து, உணவு, வேலையின் அளவு ஆகியவற்றை வகுத்துக் கொடுத்தல் அதனினும் முக்கியமானது. ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பை நீக்குகிறதேயன்றி, அடைப்பை உண்டாக்கிய வழக்கங்களை நீக்குவதில்லை. ஸ்டென்ட் வைத்தாயிற்று, இனிப் பீடி பிடிக்கலாம் என்று எண்ணுபவர் கரையை அடைத்துவிட்டு மதகைத் திறந்து வைப்பவருக்கு ஒப்பாவார்.

டாக்டர் சி. பத்மாவதி அம்மையாரை இங்கே நினைவுகூர்தல் தகும். 1917-இல் பர்மாவில் பிறந்து, இந்தியாவின் முதற்பெண் இருதய நிபுணர் என்று புகழ்பெற்று, 2020-இல் 103-ஆம் வயதில் காலமானவர் அவர். 1962-இல் அகில இந்திய இருதய நிறுவனத்தை ஏற்படுத்தினார். ஏழைச் சிறாரின் இருதய வால்வுகளைக் கெடுக்கும் கீல்வாதக் காய்ச்சலைப் பற்றி அவர் அரிதின் உழைத்தார். ஒருவகைத் தொண்டைப் புண்ணைக் கவனியாது விடுவதால் அக்காய்ச்சல் பிறக்கிறது. உரிய காலத்தில் பெனிசிலின் கொடுத்தால் தடுத்துவிடலாம். ஒருமுறை வந்தோர்க்கும் மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை அவ்வூசி போட்டு மேலும் கெடாமல் காக்கலாம். குழந்தைகளின் தொண்டைவலியோடு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் சேருமாயின் வைத்தியரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

தமிழ்நாட்டில் கண்ட அனுபவம்

நிபுணர்கள் பெருநகரங்களில் இருக்கிறார்கள். நாமோ கிராமத்தில் இருக்கிறோம் என்பது நமது நெடுநாள் மனக்குறை. இக்குறைக்கு ஓரளவு வழி உண்டென்பதைத் தமிழ்நாட்டு இருதய நிபுணர்களே காட்டியுள்ளனர். 2012 முதல் 2014 வரை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லாசாரி முதலியோர் ஓர் ஏற்பாட்டைச் சோதித்தனர். சிறு ஆஸ்பத்திரிகளைச் சக்கரத்தின் ஆரங்களாகவும், குழாய்ச் சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரியைக் குடமாகவும் வைத்து நான்கு தொகுதிகள் அமைத்தனர். நோயாளி அருகிலுள்ள சிறு ஆஸ்பத்திரிக்கு வருவார். இருதய மின்பதிவு உடனே எடுக்கப்படும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அங்கேயே கொடுக்கப்படும். பின்னர் 108 வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று தமனியைப் பரிசோதித்துக்கொள்வார்.

2,420 நோயாளிகளிடம் கண்ட இதன் முடிவுகள் 2017-ஆம் ஆண்டில் வெளியாயின. ஏற்பாட்டிற்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 17.6; ஏற்பாட்டிற்குப் பின் 14.2. தமனிப் பரிசோதனை பெற்றோர் நூற்றுக்கு 35-லிருந்து 60-க்கு மேல் உயர்ந்தனர். புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்காமல், இருப்பவற்றை ஒழுங்காக இணைத்ததனாலேயே நூற்றுக்கு மூன்று உயிர்கள் மிஞ்சின. தனித்தனியே சிறியவை ஒன்றுகூடிப் பெரும்பயன் விளைத்தல்தானே கூட்டுறவு?

2021-இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இரத்த அழுத்த மாத்திரையையும் நீரிழிவு மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் நோக்கமுடையது. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோர்க்கு முதல்வேளை மாத்திரைகளை அங்கேயே கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்வாறான வசதிகளுள் நம் ஊரில் எவை கிட்டுகின்றன என்று விசாரித்து அங்கத்தினருக்கு அறிவிப்பது ஒவ்வொரு சங்கக் காரியதரிசியின் பொறுப்பாகட்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, அளத்தல். கூலிப் பட்டுவாடா நாளிலோ, நூல் வழங்கும் நாளிலோ, மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்துத் தாதியை அழைத்து, முப்பது வயது கடந்த அங்கத்தினர் யாவருக்கும், அவர்தம் இல்லத்தாருக்கும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நின்றால் வைத்தியரைக் காண வேண்டும். மாத்திரை தொடங்கியவர் தொந்தரவு இல்லையென்று தாமே நிறுத்தலாகாது. தொந்தரவு இல்லாதிருப்பதே மாத்திரையின் வேலை. அழுத்தம் ஏறுவதை உடம்பு சொல்லாது, கருவிதான் சொல்லும்.

இரண்டாவது, புகையிலை. பீடியும் சிகரெட்டும் மட்டுமல்ல. வெற்றிலையோடு அடக்கும் புகையிலையும் இருதயத்திற்குப் பகையே. இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நமது வாசகருள் புகையிலை பயிரிடுவோரும் உண்டு. அவர்களைக் குற்றவாளிகளாக்குவது நமது நோக்கமன்று. வட கரேலிய உழவர் வெண்ணெயின் முன் நின்றதுபோல், அவர்கள் இன்று நிற்கின்றனர். பயிர் மாற்றத்திற்குக் கடன், விதை, விற்பனை ஆகிய மூன்றும் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே அளிக்கவல்லது கூட்டுறவுச் சங்கமே. அவற்றை ஏற்பாடு செய்யாமல் 'புகையிலையை விடுங்கள்' என்று மட்டும் உபதேசிப்பது நியாயமாகாது.

மூன்றாவது, அடுப்பங்கரை. உப்பு நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் உட்பட்டு, இருத்தல் வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்து வருவதும் இக்கணக்கைச் சேர்ந்ததே. கடலையெண்ணெயும் நல்லெண்ணெயும் நல்லவையே; ஆயினும் அளவு வேண்டும். தேங்காயெண்ணெய், நெய், வனஸ்பதி ஆகியவற்றைக் குறைத்தல் நன்று. வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பயன்படுத்தலாகாது. கீரையும், அவரை துவரைப் பருப்புகளும், கம்பும், கேழ்வரகும் நம் வயலில் விளைபவை. அவற்றை விற்றுவிட்டு மைதாப் பண்டத்தை வாங்கி உண்பது என்ன கணக்கு?

நான்காவது, உடலசைவு. தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்து மிதி மிதிப்பது உழைப்பே; எனினும் அது ஒரே இடத்து உழைப்பு. காலையிலோ மாலையிலோ அரைமணி நேரம் வேகமாக நடத்தல் நெசவாளர்க்கு அவசியம். விசைத்தறியில் இரவு முறை பார்ப்போர் உறக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாகாது. கடன் கவலையும் இருதயத்தைத் தாக்கும் என்பதை முற்கூறிய ஆராய்ச்சியும் ஒப்புகிறது. தவணை தவறிய அங்கத்தினரை நிர்வாகிகள் கடுஞ்சொல் கூறாது, அழைத்துப் பேசி வழி காண்பதும் ஒருவகை வைத்தியமே.

ஐந்தாவது, நேரம். மார்பின் நடுவே அழுத்தம், இறுக்கம் அல்லது எரிவு. அது இடக்கைக்கோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவுதல். குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவை அறிகுறிகள். பெண்களுக்கும் நீரிழிவுடையோர்க்கும் வலி குறைவாயிருந்து, மூச்சுத் திணறலும் களைப்புமே மிகுந்து தோன்றக்கூடும். இவை தோன்றிச் சில நிமிஷங்களில் நீங்காவிடின், வாயுவென்று சோடா பருகிக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியை நடக்கவோ, தாமே இருசக்கர வண்டி ஓட்டவோ விடலாகாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, முதல் ஒரு மணி இரண்டு மணிக்குள் கொடுத்தால் மிகுந்த பயன் தரும். நேரம் செல்லச் செல்லப் பயன் தேய்ந்துகொண்டே போகும். இரவு நேரத்தில் மாரடைப்புச் சிகிச்சை கிடைக்கும் அருகிலுள்ள ஆஸ்பத்திரி எது என்பதைச் சங்கச் சுவரில் எழுதி வைத்தல் மிக எளிய காரியம். காப்பீட்டு அட்டை, ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே பையில் வைத்து, அப்பை இருக்குமிடத்தை வீட்டார் யாவரும் அறிந்திருக்கட்டும்.

இவ்வைந்தில் பெருஞ்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்குவது எந்தச் சங்கத்துக்கும் சுமையாகாது. வேண்டுவது விடாமுயற்சியும், ஒருவர் மற்றவரைக் கவனித்துக்கொள்ளும் பழக்கமுமே. எல்லோருக்காக ஒருவர், ஒருவருக்காக எல்லோரும் என்ற நமது கொள்கை, கடனுக்கு ஜாமீன் நிற்பதோடு முடிந்துவிடுவதன்று. உயிருக்கும் ஜாமீன் நிற்க வேண்டும்.

நாம் குறிப்பிட்ட நெசவாளரின் தறியில் இப்பொழுது அவர் மனைவி நெய்கிறார். சங்கத்தில் அவரே அங்கத்தினராகவும் சேர்ந்திருக்கிறார். சென்ற மாதம் நூல் வாங்க வந்தபோது, அங்கு வந்திருந்த தாதியிடம் தாமாகவே கையை நீட்டி அழுத்தம் பார்க்கச் சொன்னார். மகனையும் அழைத்துப் பார்க்கச் செய்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் பதினொரு பேர் நின்றனர். அடுத்த ஆண்டு ஒவ்வொரு சங்கத்திலும் அவ்வரிசை நீளுமாயின், நமது இரங்கல் தீர்மானங்கள் குறுகும் என்பதில் ஐயமில்லை.